நாற்பது நாள் பீடியை விட்டவர் ஈஸ்டர் அன்று ஏன் பற்ற வைக்கிறார்?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் பெரியப்பா பதினொரு வருஷம் தொடர்ந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பீடியை விட்டார். பதினொரு வருஷமும் ஈஸ்டர் அன்று மதியம் கறிச்சோறு சாப்பிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் பீடிக்கட்டை நீட்டுவார், இவரும் ஒன்றை உருவிப் பற்ற வைத்துவிடுவார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நாற்பது நாள் சொன்னார், நாற்பது நாள் இருந்தார், கணக்கு நேர். சபரிமலைக்கு மாலை போடுகிற நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு மண்டலம் பீடி, குடி எதுவும் கிடையாது, மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் பழைய கடையில் பழைய இடத்தில் நிற்பார்கள்.

இதை ரொம்ப நாள் மன உறுதிக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நாற்பது நாள் ஒரு பீடிகூடத் தொடாமல் இருக்கிறவரிடம் உறுதி இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவரிடம் உறுதி இருந்தது, விசுவாசமும் இருந்தது. இரண்டும் இருந்தும் நாற்பத்தோராவது நாளுக்கு என்ன செய்வது என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. புகையை விடுவதில் கிறிஸ்தவ விசுவாசம் எங்கே உண்மையாகக் கை கொடுக்கிறது, எங்கே நடுவழியில் விட்டுவிடுகிறது என்பதை எழுத நினைத்ததே அந்தத் திண்ணையைப் பார்த்துத்தான்.

முதலில் உடம்புக் கணக்கைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் ஜெபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதில்தான் போய் முடியும். ஒரு இழுப்பில் உள்ளே போகும் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. அங்கே அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன, தொடர்ந்து புகைப்பவருடைய மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடும். ரத்தத்தில் இருக்கிற நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகும், குறையக் குறைய அந்த ஏற்பிகள் காலியாகி 'கொடு, கொடு' என்று கேட்க ஆரம்பிக்கும். நடவு வயலில் நிற்கிறவர் பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை வரப்பில் ஏறி உட்காருவதற்குக் களைப்பு மட்டும் காரணம் கிடையாது, அந்த இரண்டு மணி நேரக் கணக்கும் சேர்ந்துதான் அவரைக் கரையேற்றுகிறது.

விட்டுவிட்டால் சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, தூக்கம் வராமை, எதிலும் மனம் நிற்காமை, கண்டபடி பசி எல்லாம் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். கூடிப்போன ஏற்பிகள் பழைய அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகிறது. பீடி சின்னதாக இருப்பதால் தீங்கும் சின்னது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, அது சுத்தத் தப்பு. பீடி அடிக்கடி அணைந்துவிடும், அணையாமல் இருக்க வேகவேகமாக இழுக்க வேண்டும், அதனால் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடித்தார்கள், சிகரெட் பிடித்தவர்கள் 4 சதவீதம்தான். ஆக இது முதலில் பீடிப் பிரச்சினை, கூலிக்குப் போகிறவர்களின் பிரச்சினை.

இப்போது தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து எண்ணிப் பாருங்கள். நாற்பது நாள் என்பது ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்காத கணக்கு, நாட்காட்டியில் பார்த்தால் 46 நாள் வரும். அப்படியானால் ஈஸ்டர் அன்று எங்கள் பெரியப்பாவின் உடம்பு கேட்பது அடங்கி இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஏற வேண்டிய மேட்டை ஏறி முடித்து இறக்கத்தில் நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தில் பற்ற வைக்கிறார். உடம்பு கேட்டுப் பற்ற வைக்கவில்லை. திண்ணை கேட்டது, கறிச்சோறு கேட்டது, நீட்டிய கை கேட்டது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பதினொரு தடவை ஜெயித்த மனிதரைப் பதினொரு தடவையும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து தோற்கடித்திருக்கிறோம்.

சரி, விசுவாசத்துக்கு வருகிறேன். காவிரிப் பக்கம் கிறிஸ்தவர்கள் என்றால் ஒரே மாதிரிப் பேசுகிறவர்கள் கிடையாது. வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி என்று மாதாவைச் சுற்றி வாழ்கிற கத்தோலிக்கர்கள் ஒரு பக்கம். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரை இறங்கியதிலிருந்து வருகிற லுத்தரன் சபைக்காரர்கள் ஒரு பக்கம். பிற்பாடு வந்த பெந்தெகொஸ்தே சபைகள் இன்னொரு பக்கம். புகையை விடுவதற்கு மூன்று பேரிடமும் மூன்று சொல் இருக்கிறது. கத்தோலிக்கர் 'நேர்ச்சை' என்பார், அதாவது வேண்டுதல். லுத்தரன் சபையில் லெந்து காலத்தில், அதாவது தவக்காலத்தில், ஐயரிடம் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொல்லி எடுப்பதைத் 'தீர்மானம்' என்பார்கள். பெந்தெகொஸ்தே சபையில் அது 'விடுதலை'. சொல் மாறும்போது அதற்குள் இருக்கிற எதிர்பார்ப்பும் மாறுகிறது, அந்த எதிர்பார்ப்புதான் பின்னால் உதவியாகவோ இடைஞ்சலாகவோ வந்து நிற்கிறது.

நேர்ச்சையின் பலம் அதன் உருவம். அதற்கு ஒரு தொடக்க நாள் இருக்கிறது, ஊர் அறிய இருக்கிறது, கூட வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னுமாகக் காவி உடுத்தி நடந்து போகிற கூட்டத்தைத் தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர்ச் சாலையில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மூன்று நாள் நடை. நிகோடினை விடுகிறவருக்கு மிக மோசமான நாட்கள் அந்த முதல் மூன்று நாட்கள்தான் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த மூன்று நாளும் அவர் தன் டீக்கடையில் இல்லை, தன் வரப்பில் இல்லை, தன் படகில் இல்லை. பழக்கத்தைக் கிளப்புகிற இடங்கள் அத்தனையிலிருந்தும் நடந்தே வெளியேறிவிட்டார். உடம்புக்கு வேலை இருக்கிறது, பக்கத்தில் பாட்டு இருக்கிறது, புகைத்தால் கூட வருகிறவர் முகம் சுளிப்பார். ஒரு நல்ல மருத்துவர் எழுதிக் கொடுக்கக்கூடிய ஏற்பாட்டை நம் ஆட்கள் செருப்பில்லாமல் நடந்து அடைந்துவிடுகிறார்கள்.

பலவீனமும் அந்த உருவத்தில்தான் இருக்கிறது. நேர்ச்சைக்கு முடிவு நாள் உண்டு. செப்டம்பர் 8 அன்று திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் நேர்ச்சையும் நிறைவேறிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். 'பீடி பிடிக்க மாட்டேன்' என்று நேர்ந்துகொண்டவர் வெற்றிலையில் புகையிலையை வைத்து மடித்து வாயில் ஒதுக்கிக்கொள்வார். கும்பகோணம் வெற்றிலை இருக்கிற ஊரில் இது ரொம்பச் சுலபம். வார்த்தைக்கு வார்த்தை நேர்ச்சை காப்பாற்றப்பட்டது, ஆனால் நிகோடின் ஒரு நாளும் நிற்கவில்லை, வாய்ப் புற்றுநோய்க்கான கதவும் திறந்தாகிவிட்டது. நேர்ந்துகொள்கிறவர்கள் தயவுசெய்து 'பீடி' என்று சொல்லாதீர்கள், 'புகையிலை' என்று சொல்லுங்கள்.

புகையிலை நமக்கு வெளியூர்ச் சரக்கு கிடையாது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். வேதாரண்யம் பக்கத்து மணலில் புகையிலை விளைந்தது, உறையூரில் சுருட்டு சுற்றினார்கள், திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்றால் வெள்ளைக்காரன் ஊர் வரை பெயர். இந்தச் செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். கடற்புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றிக்கடனாகக் கோயில் கட்டினார்கள் என்றுதான் வேளாங்கண்ணியின் மரபும் சொல்கிறது. நேர்ச்சையும், நேர்ந்து விடுகிற பொருளும் ஒரே கடல் வழியாக வந்திருக்கின்றன.

அதனால்தான் வேதாகமத்தில் புகையிலை என்ற சொல்லே கிடையாது. யாராவது 'வேதத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் நேர்மையாக அதைத்தான் சொல்ல வேண்டும். சபைகளும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1642-ல் போப் எட்டாம் அர்பன் ஸ்பெயினின் செவில் மறைமாவட்டக் கோயில்களுக்குள் புகையிலை பயன்படுத்துகிறவர்களைச் சபையை விட்டு விலக்குவதாக எச்சரித்தார், 1725-ல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் தடையை நீக்கினார். நம் ஊர்ப் போதகர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிற லண்டன் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் சுருட்டுப் பிடித்தவர், 1874-ல் லண்டனில் அது பெரிய சர்ச்சையே ஆனது. இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) போர்வீரராக, அதாவது முழு உறுப்பினராக, சேருகிறவர் புகையிலையைத் தொட மாட்டேன் என்று உடன்படிக்கை செய்கிறார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையும் அப்படித்தான். வாடிகனில் சிகரெட் விற்பனையை 2018 முதல் நிறுத்தியவர் போப் பிரான்சிஸ். இவ்வளவையும் சொல்லக் காரணம், புகைக்கிறவரைப் பார்த்து 'நீ கிறிஸ்தவனே இல்லை' என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. வேதத்தில் இருக்கிற, இதற்குப் பொருந்துகிற வார்த்தை வேறு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார்: எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் உண்டு, ஆனாலும் 'நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்'. புகையிலை பாவமா இல்லையா என்று மணிக்கணக்காக விவாதிப்பதைவிட, காலையில் கண் விழித்த அரை மணி நேரத்தில் கை எதைத் தேடுகிறது என்று பார்த்தால் போதும்.

கை என்று சொன்னதும் ஜெபமாலை ஞாபகம் வருகிறது. இது என் அனுபவம், அதோடு கொஞ்சம் அறிவியலும். புகை வேண்டும் என்ற வேகம் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் சில நிமிடம்தான் நீடிக்கும். அந்தச் சில நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அது தானாக இறங்கும், திரும்ப வரும், திரும்ப இறங்கும். ஜெபமாலையில் ஒரு பத்து மணி, அதாவது ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ், நிதானமாகச் சொன்னால் மூன்று நான்கு நிமிடம் ஆகும். கணக்குப் பொருந்துகிறதா? பீடியோ சிகரெட்டோ பழகிய விரல்களுக்கு உருட்ட ஒன்று கிடைக்கிறது, பழகிய உதடுகளுக்கு வேலை கிடைக்கிறது. மூச்சுக்கும் கிடைக்கிறது: 2001-ல் இத்தாலியை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 23 பேரை லத்தீனில் இதே அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்ல வைத்து அளந்தபோது அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியது, யோக மந்திரத்தைச் சொன்னபோதும் அதே அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பின் ஒழுங்கும் மேம்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. புகைக்கிறவர் 'ஒரு தம் போட்டால் மனசு அடங்குது' என்று சொல்வதில் ஒரு பங்கு, அந்த ஆழ்ந்த மூச்சினால் வருகிற அடக்கமாகவும் இருக்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார் சாயங்காலம் விளக்கேற்றிச் செய்கிற காரியத்துக்குள் இது இத்தனை நாளாக இருந்திருக்கிறது. லுத்தரன், பெந்தெகொஸ்தே நண்பர்கள் ஜெபமாலை சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு மனப்பாடமான ஒரு சங்கீதம் போதும், ஞானப்பாட்டு இரண்டு சரணம் போதும். மெதுவாக, வாய்விட்டு. அந்த வேகம் வரும்போதே தொடங்கிவிட வேண்டும், வந்து உட்கார்ந்த பிறகு தொடங்கினால் கஷ்டம்.

இப்போது 'விடுதலை' என்ற சொல்லைப் பற்றி. இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் சிகரெட் பிடித்தவன், கல்லூரியில் தொடங்கிப் பதினான்கு வருஷம். ஒரு நண்பர் கூப்பிட்டு ஒரு கன்வென்ஷனுக்குப் போனேன். மேடையிலிருந்து அழைப்புக் கொடுத்தார்கள், பாக்கெட்டில் இருப்பதை முன்னால் வந்து போடச் சொன்னார்கள், நானும் அழுதுகொண்டே போய்ப் போட்டேன். அந்த அழுகை பொய் கிடையாது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் சிகரெட்டைத் தொடவில்லை. இருபத்து மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு துக்க வீடு. இரவு முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம், மூன்று மணி வாக்கில் ஒருவர் நீட்டினார், வாங்கிவிட்டேன். மறுவாரம் ஜெபக்கூட்டத்தில் ஒருவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். 'உங்களுக்கு விசுவாசம் போதலை பிரதர், இடம் கொடுத்துட்டீங்க' என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. அந்த ஒரு வருஷத்தில்தான் என் வாழ்நாளிலேயே அதிகமாகப் புகைத்தேன்.

ஒரே ஜெபத்தில் விட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும், அவர்களுடைய சாட்சியை நான் மனதார நம்புகிறேன். பிரச்சினை எங்கே என்றால், மேடையில் சாட்சி சொல்கிறவர் விட்டவர்தான்; திரும்பப் பிடித்தவர் மேடைக்கு வருவதில்லை, பின் வரிசையில்கூட உட்காருவதில்லை. எந்த உதவியும் இல்லாமல் விட முயன்றவர்களில் ஒரு வருஷம் தாங்குகிறவர்கள் ஒரு முயற்சிக்கு 100-ல் 3 முதல் 5 பேர் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கும் பல தடவை முயன்ற பிறகே நிற்கிறது. வழுக்கி விழுவது இந்த வழியில் சாதாரணமாக நடப்பது. 'ஒண்ணு பிடிச்சாச்சு, இனிமே என்ன' என்ற எண்ணம்தான் அந்த ஒரு சிகரெட்டை ஒரு பாக்கெட்டாக ஆக்குகிறது. அந்த எண்ணத்துக்கு வெட்கம்தான் எண்ணெய் ஊற்றுகிறது. சபை அந்த வெட்கத்தைக் கூட்டினால் ஆள் புகையை விட மாட்டார், சபையை விட்டுவிடுவார்.

வேதம் இந்த விஷயத்தில் சபைகளைவிட இளகிய மனசோடு இருக்கிறது. பவுல் தன் உடம்பில் ஒரு முள் இருந்ததாகவும் அதை எடுக்கச் சொல்லி மூன்று தடவை வேண்டியும் எடுக்கப்படவில்லை என்றும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பேதுரு பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மூன்று தடவை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அவரைக் கடற்கரையில் சந்திக்கும் இடத்திலும் யோவான் ஒரு கரிநெருப்பைச் சொல்கிறார். அதன் பக்கத்தில் வைத்துத்தான் மூன்று தடவை 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வி வருகிறது. விழுந்த இடம் மாதிரியே இருக்கிற இன்னொரு இடத்தில் எழுப்பி நிறுத்துகிறார். துக்க வீட்டுப் பந்தலில் விழுந்த எனக்கு அடுத்த முறை உதவியது இந்தக் காட்சிதான். அடுத்து ஒரு துக்க வீட்டுக்குப் போகும்போது யார் பக்கத்தில் உட்காருவது, மூன்று மணிக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துப் போனேன். புகைக்காத என் மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன், சட்டைப் பையில் நிகோடின் சூயிங் கம் வைத்துக்கொண்டேன்.

சூயிங் கம் என்றதும் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். மருந்து எடுத்தால் விசுவாசக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபிக்கிறோமே, இதில் மட்டும் ஏன்? நிகோடின் கம், ஒட்டுப் பட்டை இவையெல்லாம் விடுவதற்கான வாய்ப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கம்மைச் சாதாரண சூயிங் கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது; நாக்கில் சுருக்கென்று தெரியும் வரை மெதுவாகக் கடித்துவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், அந்தச் சுருக்கு அடங்கியதும் திரும்பக் கடிக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் காபி குடித்தால் நிகோடின் சரியாக ஏறாது. காபியைப் பற்றி இன்னொன்று, டிகிரி காபி ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். புகை, உடம்பு காபியைச் செரித்து வெளியேற்றுகிற வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும், நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற அதே நாலு டம்ளர் காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். அதைப் புகை விட்டதால் வந்தது என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைக்கிறார்கள். காபியைப் பாதியாகக் குறையுங்கள், அவ்வளவுதான். புப்ரோபியான், வரெனிக்லின் போன்ற மாத்திரைகள் மருத்துவரைக் கேட்டுத்தான். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இப்போது சிகரெட் அட்டையிலேயே அச்சாகி வருகிறது. 2016-ல் தொடங்கியது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள்.

போதகரும் மருத்துவரும் சேர்ந்து வேலை செய்வது புதிய யோசனை ஒன்றும் கிடையாது. 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் அட்வென்டிஸ்டு சபையின் போதகர் எல்மன் ஃபோக்கன்பர்க்கும் மருத்துவர் வேய்ன் மெக்ஃபார்லண்டும் சேர்ந்து ஐந்து நாள் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். அடுத்தடுத்து ஐந்து சாயங்காலம் கூடுவார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காபியை நிறுத்த வேண்டும், தவிப்பு வந்தால் கூப்பிட ஒரு துணை ஆள். ஒரே மேடையில் மருத்துவர் நுரையீரலைப் பற்றிப் பேசுவார், போதகர் மனதைப் பற்றிப் பேசுவார். நம் பங்குகளில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம், வீட்டுக்கு வீடு மாறி மாறி நடக்கத்தான் நடக்கிறது. ஊரில் ஒரு செவிலியரோ மருந்தாளுநரோ எப்படியும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். தவக்காலத்துக்கு முந்தைய வாரம் அவரை அரை மணி நேரம் பேச விட்டால் போதும், தனியாக ஒரு திட்டமே வேண்டாம்.

இயேசு சொன்ன ஓர் உவமை இருக்கிறது, மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரம். ஒரு மனிதனை விட்டுப் போன அசுத்த ஆவி அலைந்து திரிந்துவிட்டுத் தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது. வீடு பெருக்கி அலங்கரித்து, ஆனால் காலியாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது. தவக்காலத்தில் எங்கள் பெரியப்பா வீட்டைப் பெருக்கியது நன்றாகத்தான் பெருக்கினார். பீடி இருந்த இடங்கள், அதாவது விடியற்காலை டீக்கடை, வாய்க்கால் மடை, சாப்பிட்ட பிறகு திண்ணை, இந்த மூன்றும் காலியாகவே கிடந்தன. நாற்பது நாள் அவற்றின் வாசலில் நேர்ச்சை காவல் நின்றது. ஈஸ்டர் அன்று காவல் போய்விட்டது.

பன்னிரண்டாவது வருஷம் நடந்தது வேறு. பாஸ்கா இரவுத் திருப்பலி, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவுப் பூசை, முடிந்து எல்லாரும் மெழுகுதிரியோடு வெளியே வரும்போது, புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பெரியவரே, பீடியை விட்டிருந்தீங்களாமே?"

"ஆமா சாமி. இன்னியோட முடிஞ்சுது."

"தபசு முடிஞ்சுது. ஈஸ்டர்லேர்ந்து பாஸ்காக் காலம் ஐம்பது நாள் இருக்கே, பெந்தகோஸ்தே திருநாள் வரைக்கும். தவம் பண்ண நாற்பது நாள் குடுத்தீங்க, சந்தோஷத்துக்கு ஐம்பது நாள் குடுக்க மாட்டீங்களா?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் தீப்பெட்டி இருந்தது. தவக்காலத்திலும் அவர் பையில் தீப்பெட்டி இருக்கும், பூண்டி மாதா கெபியில் (குகை வடிவச் சிற்றாலயத்தில்) மெழுகுதிரி ஏற்றுவதற்கு என்று சொல்வார். அந்தத் தீப்பெட்டியின் ஒரு பக்கம் உரசி உரசி வழவழப்பாகிப் போயிருந்தது, மூலைகள் வியர்வையில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தன. சாமியார் கையை நீட்டினார். பெரியப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். "மெழுகுதிரிக்கு நெருப்பு கோயில்ல இருக்கு" என்றார் சாமியார், அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் மதியம் பெரியம்மா திண்ணையில் பாய் போடவில்லை. சாப்பிட்டதும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு அவருடைய தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். டீக்கடைக்குப் பதிலாக ஒரு மாதம் வீட்டிலேயே காபி, அதுவும் அரை டம்ளர். சாம்பல் புதனிலிருந்து பெந்தகோஸ்தே வரை எண்ணினால் 96 நாள் வரும், 13 வாரத்துக்கு மேல். மூளையின் ஏற்பிகள் பழைய அளவுக்குத் திரும்ப ஆகிற 6 முதல் 12 வாரத்தை அது முழுதாகத் தாண்டிவிடுகிறது. சாமியாருக்கு இந்தக் கணக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. வழிபாட்டு நாட்காட்டியில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவர் எடுத்துக் கொடுத்தார். நம்மில் பெரும்பாலானவர்கள் தவக்காலத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு பாஸ்காக் காலத்தைக் கறிச்சோற்றோடு முடித்துவிடுகிறோம்.

விட்டு ஒரு வருஷம் ஆனால் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும், பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் தொடர்ந்து புகைக்கிறவருடையதில் பாதியளவுக்கு வந்துவிடும். பெரியப்பாவுக்கு இப்போது ஒன்பது வருஷம். வாசனை அறவே போய்விட்டதா என்றால் இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் மூணு நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வர அதிக நேரம் ஆகாது. வறண்ட மண்ணில் முதல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறதைக் கரையில் நின்று பார்த்தபடி ஒரு பீடி, அது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். போன முறை தண்ணீர் வந்த அன்று காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, தண்ணி வந்துடுச்சுடா."

"மடையிலயா நிக்கிறீங்க பெரியப்பா?"

"ஆமா. பக்கத்துல ஒருத்தன் பத்த வெச்சுட்டு நிக்கிறான்."

"நீங்க சொல்லுங்க, நான் மறுமொழி சொல்றேன்."

அவர் அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினார். போனில் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது, பாதி வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை. ஜெபமாலையின் பத்து மணிகளும் முடிந்ததும், "சரி, வரப்பு வெட்டணும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.